கணித வகுப்பில் முதல் தவணை: பினாங்குத் தமிழ்ப்பள்ளிக்கு வரும் புதிய ஆசிரியருக்கு

பினாங்கில் தீவிலும் பெருநிலத்திலுள்ள செபராங் பிறையிலுமாக 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பள்ளிக்கு நீங்கள் போனாலும் முதல் வாரத்திலேயே ஓர் அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே லேமினேட் செய்த வாய்பாட்டுச் சக்கரங்கள், காந்தம் ஒட்டிய பின்ன வட்டங்கள், கவர்ச்சியாகப் பெயர் சூட்டிய பலகைகள் இருக்கும். ஏதோ ஓர் ஆண்டு புத்தாக்கப் போட்டிக்காகச் செய்யப்பட்டு, சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பவை அவை. சிலவற்றை எடுத்துத் தூசி தட்டிப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் புதுமை என்றால் புதுப் பொருள் என்று எண்ணித் தொடங்கினால் தவணை முடிவதற்குள் உங்கள் கத்தரிக்கோலும் நீங்களும் களைத்துப்போவீர்கள். பிள்ளை மனத்துக்குள் கணக்கை எப்படிப் போடுகிறது என்பதை வெளியே கொண்டுவரும் எந்த முறையும் நல்ல முறைதான். கீழே சொல்லப்போவதை எல்லாம் அந்த ஒரு கண்ணோடு படியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகலாம்.

முதல் இரண்டு வாரம்: சிவப்புப் பேனாவை மூடி வையுங்கள்

வந்தவுடன் ஒரு சோதனைத் தாளைக் கொடுத்துப் புள்ளி போட்டுப் பட்டியல் எடுக்கச் சொல்வார்கள். எடுங்கள். ஆனால் புள்ளி மட்டும் உங்களுக்குப் பாடம் நடத்த உதவாது. அதற்குப் பதில் ஐந்தாறு கணக்குகளை மட்டும் கொடுத்து, பிழையான விடைகளைக் குவியல் குவியலாகப் பிரித்துப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு 503 − 278. சரியான விடை 225. ஆண்டு 3, 4 வகுப்புகளில் இதைக் கொடுத்தால் மூன்று தவறான விடைகள் அடிக்கடி வரும். ஒன்று 375. இந்தப் பிள்ளை ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது: 8−3, 7−0, 5−2. கடன் வாங்கும் எண்ணமே அதற்கு இல்லை. இரண்டாவது 325. பூஜ்ஜியத்தை 9 ஆக்கத் தெரிந்திருக்கிறது, ஆனால் அந்தக் கடன் நூறிலிருந்து வந்தது என்பது தெரியவில்லை. 5 அப்படியே நிற்கிறது. மூன்றாவது 235. இங்கே நூறில் ஒன்றைக் குறைத்தாகிவிட்டது, ஆனால் பத்தாம் இடம் 10 ஆகவே இருக்கிறது. அதிலிருந்து ஒன்றுக்குக் கொடுத்ததைப் பிள்ளை மறந்துவிட்டது. மூன்றுக்கும் ஒரே சிவப்புக் குறுக்குக் கோடு போட்டு, "கடன் வாங்கும்போது கவனம்" என்று எழுதினால், முதல் பிள்ளைக்கு அது புரியாது, மூன்றாவது பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

பிள்ளையை மேசைக்கு அழைத்து, "எப்படிப் போட்டாய் என்று எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். சரியாகப் போட்ட பிள்ளையிடமும் கேளுங்கள். தவறு செய்தால்தான் டீச்சர் கூப்பிடுவார் என்று வகுப்பு முடிவு கட்டிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தோட்டப்புறப் பள்ளிகளில் வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருப்பார்கள். ஒரு வாரத்தில் எல்லாரிடமும் பேசிவிடலாம். பெரிய பள்ளி என்றால் குவியலுக்கு ஒருவர் போதும்.

மூன்றாம் வாரம்: கை, படம், பிறகு எண்

பொருளைத் தொட்டுச் செய்வது, அதைப் படமாக வரைவது, கடைசியில் குறியீட்டால் எழுதுவது என்ற மூன்று படிகளை அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். சிங்கப்பூர் 1980-களில் அதைத் தன் தொடக்கப்பள்ளிக் கணிதத்தின் முதுகெலும்பாக்கியது. நம் பாடநூலிலும் இந்த வரிசை உண்டு. நடைமுறையில் நடுப்படிதான் காணாமல் போகிறது. ஒரு நாள் குச்சியை எண்ண வைத்துவிட்டு மறுநாளே நிரல் கணக்குக்குத் தாவிவிடுகிறோம்.

வேண்டியது ஐஸ்கிரீம் குச்சிகளும் ரப்பர் வளையங்களும். பத்துக் குச்சி ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பெருங்கட்டு. 503-ஐ ஐந்து பெருங்கட்டும் மூன்று குச்சியுமாக வைத்து, "எனக்கு எட்டுக் குச்சி கொடு" என்று கேளுங்கள். மூன்றுதான் இருக்கிறது. பக்கத்தில் பத்துக் கட்டும் இல்லை. பிள்ளை பெருங்கட்டைப் பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் பத்துக் கட்டுகள் கையில் விழும். அதில் ஒன்றைப் பிரித்தால்தான் குச்சி கிடைக்கும். 9 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், மேசையில் ஒன்பது கட்டு மிச்சம் கிடக்கும்.

அடுத்த இரண்டு மூன்று பாடவேளைகளுக்குக் குச்சியை எடுத்து வைத்துவிட்டு, வெறும் தாளில் சதுரம், கோடு, புள்ளி வரையச் சொல்லுங்கள்: சதுரம் நூறு, கோடு பத்து, புள்ளி ஒன்று. பிரிக்கும்போது சதுரத்தை அடித்துவிட்டுப் பத்துக் கோடு போட வேண்டும். பிள்ளைகளுக்கு இது அலுக்கத் தொடங்கும். "டீச்சர், எண்ணிலேயே போட்டுடலாமா?" என்று அவர்களே கேட்கும் நாளில் நிரல் முறையைக் கொண்டுவாருங்கள். ஆண்டு 6 பிள்ளைக்கும் இது பொருந்தும். பெரிய பிள்ளைக்குக் குச்சி கொடுப்பது கௌரவக் குறைவு என்று நினைக்கும் சக ஆசிரியர்கள் இருப்பார்கள். பின்ன வகுத்தல் வரும்போது தாளை மடித்துக் காட்டாமல் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றாடம் எட்டு நிமிடம்: மனக்கணக்குப் பேச்சு

ஒரே ஒரு முறையைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். செலவு கிடையாது, தயாரிப்பு ஒரு நிமிடம்.

வெண்பலகையில் ஒரு கணக்கு எழுதுங்கள், 18 × 5 என்று வைத்துக்கொள்வோம். பென்சில், தாள் எதுவும் கூடாது. விடை கிடைத்தவர்கள் கையைத் தூக்கக் கூடாது. நெஞ்சருகே கட்டை விரலை மட்டும் காட்ட வேண்டும். தூக்கிய கை ஒன்று தெரிந்தால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். முக்கால்வாசி விரல்கள் வந்ததும் விடைகளைக் கேட்டு, சரியோ தவறோ எல்லாவற்றையும் முகம் மாறாமல் பலகையில் எழுதுங்கள். இந்த முகம் மாறாமல் இருப்பதுதான் கடினம். புருவம் கொஞ்சம் உயர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் எப்படி வந்தது என்று கேளுங்கள்.

"20 அஞ்சு 100. ரெண்டு அஞ்சு 10. கழிச்சா 90, டீச்சர்."

"18-ஐ பாதியாக்கிட்டேன், 5-ஐ ரெண்டு மடங்காக்கிட்டேன். 9 பத்து 90."

"எனக்கு 45. அஞ்சு எட்டு 40, அஞ்சு ஒன்னு 5."

இந்த 45-ஐச் சொன்ன பிள்ளைதான் அன்றைய வகுப்பின் நாயகன். "அந்த ஒன்று எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளையே "ஐயோ, அது பத்து!" என்று திருத்திக்கொள்ளும். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் விளக்குவார். நீங்கள் செய்ய வேண்டியது அவர்கள் சொன்னதை அப்படியே எண்வாக்கியமாகப் பலகையில் எழுதி, பக்கத்தில் அவரவர் பெயரைப் போடுவது. அடுத்த வாரம் 16 × 25 வரும்போது "கவினோட வழி" என்று வகுப்பே சொல்லும்.

கணக்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு 2-க்கு 38 + 27, ஆண்டு 4-க்கு 1000 − 398, ஆண்டு 6-க்கு 480-இன் 15 விழுக்காடு. எட்டு நிமிடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். நீண்டால் பாடம் கெடும், நாள் பாடத்திட்டமும் கெடும். வாய்பாடு ஒப்புவிப்பதை இதற்காகக் கைவிட வேண்டாம். 7 × 8 உடனே வராத பிள்ளை இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே முடியாது. ஒப்புவித்தல் பழையது என்று இகழ்வோர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிரச்சனைக் கணக்கு

ஆசிரியர் அறையில் அதிகம் கேட்கப்போகும் புலம்பல், "கணக்கு தெரியுது, ஆனா பிரச்சனைக் கணக்குன்னா படுத்துக்கிறாங்க" என்பது. இதற்கு ஒரு காரணம், பிரத்தியேக வகுப்புகளிலும் பயிற்சி நூல்களிலும் சொல்லித்தரப்படும் சொல் பட்டியல்: 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதம்' என்றால் கழி, 'அதிகம்' என்றால் கூட்டு. பிள்ளை கதையைப் படிக்காமல் சொல்லைத் தேடுகிறது. இதைக் கொடுத்துப் பாருங்கள்: "மாலாவிடம் 45 அஞ்சல்தலைகள் உள்ளன. இது ரவியிடம் இருப்பதைவிட 12 அதிகம். ரவியிடம் எத்தனை?" பாதி வகுப்பு 57 என்று எழுதும். விடை 33.

சரிசெய்யும் வழி மூன்று கட்டமாகப் போகிறது.

முதலில் எண்களை எடுத்துவிடுங்கள். "பேருந்தில் சிலர் இருந்தனர். கொம்தாரில் சிலர் இறங்கினர். அதைவிடக் குறைவானோர் ஏறினர்." இப்போது பேருந்தில் முன்பைவிட ஆள் கூடவா, குறைவா? எப்படித் தெரியும்? எண் இல்லாததால் கூட்டவோ கழிக்கவோ கை பரபரக்காது. கதையை நினைத்துத்தான் பார்க்க வேண்டும். பேசி முடித்த பிறகு எண்களைக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரங்களுக்குச் செய்தால் போதும்.

அடுத்து பட்டை வரைதல். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கவிதா குடும்பமும் ராஜன் குடும்பமும் சேர்ந்து 100 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தன. கவிதா குடும்பம் ராஜன் குடும்பத்தைவிட 24 வெள்ளி கூடுதலாகக் கொடுத்தது. யார் எவ்வளவு? பட்டை இல்லாமல் செய்யும் பிள்ளைகள் 100-ஐப் பாதியாக்கி, ஒரு பக்கம் 24-ஐக் கூட்டி 74 என்றும் மறுபக்கம் 26 என்றும் எழுதுவார்கள். கூட்டினால் 100 வருகிறதே என்று சாதிப்பார்கள். வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், 48 இருக்கும்.

இப்போது ராஜனுக்கு ஒரு பட்டை வரையச் சொல்லுங்கள். அதன் கீழே கவிதாவுக்கு அதே நீளப் பட்டையும், அதன் முனையில் 24 என்று எழுதிய ஒரு துண்டும். அந்தத் துண்டைக் கையால் மறைக்கச் சொல்லுங்கள். மிச்சம் இரண்டு சமப் பட்டைகள், 76 வெள்ளி. ஒன்று 38, மற்றது 62. இயற்கணிதத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளை x போட்டுச் செய்வதை ஆண்டு 5 பிள்ளை ஒரு கையால் மறைத்துச் செய்துவிடுகிறது. பட்டையை அளவுகோல் வைத்து அழகாக வரைய வைக்காதீர்கள். பாடவேளை அதிலேயே போய்விடும். எது நீளம், எது குட்டை என்பது மட்டும் சரியாக இருந்தால் போதும்.

மூன்றாவது, விடையைத் திரும்பக் கதைக்குள் வைத்துப் பார்ப்பது. ஜார்ஜ் போல்யா என்ற கணிதவியலாளர் வகுத்த நான்கு படிகள் (புரிந்துகொள், திட்டமிடு, செய், சரிபார்) நம் பாடத்திட்டத்திலும் இருக்கின்றன, ஆனால் நான்காவதைச் செய்ய யாருக்கும் நேரம் இருப்பதில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். பாட்டி 20 படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார் என்றால் எத்தனை முறை நிற்பார்? வகுத்தால் 25, மீதி 13. மீதியை என்ன செய்வது? சிலர் 26 என்பார்கள், சிலர் '25 மீதி 13' என்றே விடையெழுதுவார்கள். அந்த 13 படி ஏறினால் பாட்டி சன்னிதிக்கே போய்விடுவார், வழியில் நிற்க வேண்டியதில்லை, ஆகவே 25. அதே 513 பேரை 20 இருக்கை வேனில் ஏற்றினால் 26 வேன் வேண்டும். ஒரே வகுத்தல்தான், விடை கதையைப் பொறுத்து மாறுகிறது.

மொழியைப் பற்றி ஒன்று. 2003-இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது, 2009-இல் அரசு அதைக் கைவிட முடிவெடுத்தது, 2016-இலிருந்து இருமொழித் திட்டத்தில் சில பள்ளிகள் மீண்டும் ஆங்கிலத்தில் நடத்துகின்றன. சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. உங்கள் பள்ளி அப்படிப்பட்டது என்றால், கேள்வி ஆங்கிலத்தில் இருந்தாலும் பிள்ளைகள் தமிழில் வாதாடட்டும். முடிவை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

ஊரிலிருந்து எடுங்கள்

2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் பில் தொகை ஐந்து காசுக்குக் கிட்டிய மதிப்பாக்கப்படுகிறது. ஒரு காசு நாணயம் புழக்கத்திலிருந்து விலகியது அப்போதுதான். பிள்ளைகள் கடையில் தினமும் பார்ப்பது, ஆனால் பாடநூலில் வரும் 'கிட்டிய பத்து' போல் அல்லாதது. வீட்டிலிருந்து பேரங்காடி ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 17.42 வெள்ளி 17.40 ஆகிறது, 17.43 ஆனால் 17.45. கடைசி இலக்கம் 1, 2, 6, 7 என்றால் குறையும். 3, 4, 8, 9 என்றால் கூடும். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், ரசீதுகளிலிருந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். கடைக்காரருக்கு லாபமா என்று கேளுங்கள். எல்லா இலக்கத்துக்கும் கூடுவதையும் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் பூஜ்ஜியம் வரும்.

அப்புறம் இதைப் போடுங்கள்: 2.42 வெள்ளி விலையுள்ள இரண்டு பொருளைச் சேர்த்து வாங்குவது நல்லதா, தனித்தனிப் பில்லா? தனித்தனியாக என்றால் 2.40 இருமுறை, 4.80. சேர்த்தால் 4.84, அது 4.85 ஆகிவிடும். விலை 2.43 என்றால் கதை தலைகீழ்: தனித்தனியாக 4.90, சேர்த்தால் 4.85. ஐந்து காசு மிச்சம் பிடிக்க வரிசையில் இருமுறை நிற்பாயா என்று கேட்டால் ஒரு கலகமே நடக்கும்.

கோலத்தை வடிவியலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1-3-5-7-5-3-1 என்று புள்ளி வைத்தால் மொத்தம் 25. அதற்குச் சின்னது 1-3-5-3-1, 13 புள்ளி. இன்னும் சின்னது 5. அடுத்து எத்தனை? 1, 5, 13, 25 என்று எழுதிப் பார்த்தால் கூடுவது 4, 8, 12. ஆகவே அடுத்தது 16 கூடி 41. ஏன் நான்கு நான்காகக் கூடுகிறது என்று ஆண்டு 6 பிள்ளைகளைக் கேட்டால் யாராவது ஒருவர் நான்கு ஓரங்களைக் காட்டுவார். இது பெண்பிள்ளை வேலை என்று முனகும் பையன்கள்தான் கடைசியில் சாக்கட்டியை விட மாட்டார்கள்.

தசமத்துக்குத் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலங்கள் இருக்கின்றன. 1985-இல் திறந்த முதல் பாலத்தின் முழு நீளம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேல் 8.4. 2014-இல் திறந்த இரண்டாவது 24 கிலோமீட்டர், கடலுக்கு மேல் 16.9. நிலத்தின் மேல் எதற்கு நீளம் அதிகம்?

நின்றுகொண்டு, மூவராக

வாரம் ஒரு நாள் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, மூன்று மூன்று பேராகச் சுவரோரம் நிற்க வையுங்கள். பலகை போதாவிட்டால் ஜன்னல் கண்ணாடியிலும் வெண்பலகைப் பேனா எழுதும். குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். நீங்கள் பிரித்தால் கெட்டிக்காரர், சுமார் என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். குழுவுக்கு ஒரே பேனா. பேனா வைத்திருப்பவர் தன் யோசனையை எழுதக் கூடாது, மற்ற இருவர் சொல்வதைத்தான் எழுத வேண்டும். மாணவர் எண்ணிக்கை குறைந்து இரண்டு ஆண்டுகளை ஒன்றாக வைத்து நடத்தும் பள்ளிகளுக்கும் இது கைகொடுக்கும்.

கஹூட் போன்ற விளையாட்டுச் செயலிகள் வெள்ளிக்கிழமைக்கு நன்றாக இருக்கும். வேகமான நான்கு பேர் மட்டும் வெற்றி மேடையில் ஏறிக்கொண்டே இருந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு விளையாடுங்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இலவசம், கோணமும் சமச்சீரும் நடத்தும்போது திரையில் இழுத்துக் காட்ட அது வசதி.

பெற்றோரும் மதிப்பீடும்

ஆண்டு 6 முடிவில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு, அதில் 1 முதல் 6 வரை அடைவுநிலை. படிநிலை இரண்டில் (ஆண்டு 4 முதல் 6 வரை) ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. பெற்றோர் மட்டும் இன்னும் "எத்தனை ஏ?" என்றுதான் கேட்பார்கள். "உங்கள் பிள்ளை அடைவுநிலை 3" என்று சொன்னால் மூன்றாம் இடம் என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. ஆகவே இரண்டு தாள்களைக் காட்டுங்கள்: தவணைத் தொடக்கத்தில் 503 − 278-ஐ அந்தப் பிள்ளை எப்படிப் போட்டது, இப்போது எப்படிப் போடுகிறது. அதற்காக முதல் இரண்டு வாரத் தாள்களைத் தூக்கி எறியாமல் கோப்பில் வையுங்கள்.

அன்றாட மதிப்பீட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டு போதும். பாடம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி. எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு நேரத்துக்குப் போகட்டும். நீங்கள் பசியாறிக்கொண்டே மூன்று குவியலாகப் பிரித்துவிடலாம்: புரிந்தது, பாதி, இல்லை. மறுநாள் பாடத்தை அந்த மூன்றாவது குவியலிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து: ஒரு துணையைப் பிடியுங்கள்

தனியாக இதையெல்லாம் ஓராண்டு செய்வது கடினம். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவரும் பாட ஆய்வு முறை நமக்கு நன்றாக ஒத்துவரும். குளுகோரில், அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அருகே, 1967-இல் தொடங்கிய ரெக்சாம் என்ற தென்கிழக்காசிய அறிவியல் கணிதக் கல்வி மையம் இருக்கிறது. இந்த வட்டாரத்து நாடுகளிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் பயிற்சிக்கு வரும் இடம் அது, நமக்கோ பேருந்து தூரத்தில். பயிலரங்கு அறிவிப்பு வந்தால் முதலில் பெயர் கொடுங்கள்.

அதுவரை பாட ஆய்வைப் பள்ளிக்குள்ளேயே செய்யலாம். இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுங்கள். பிள்ளைகள் என்ன தவறான விடை சொல்வார்கள் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஒருவர் நடத்தட்டும், மற்றவர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்காராமல் ஆளுக்கு மூன்று பிள்ளைகள் பக்கத்தில் நின்று, எந்த இடத்தில் பென்சில் நின்றது, எந்தக் கேள்விக்குப் பிறகு மீண்டும் ஓடியது என்று குறித்துக்கொள்ளட்டும். ஆசிரியரைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அன்று மாலையே அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிட்டு, பாடத்தை மாற்றி, அதே வாரத்துக்குள் இன்னொரு வகுப்பில் இன்னொருவர் நடத்தட்டும். இணை வகுப்பு இல்லாத சின்னப் பள்ளி என்றால் பக்கத்துப் பள்ளி ஆசிரியரைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பிடியுங்கள். நிபோங் திபாலிலும் பத்து கவானிலும் அவர்களும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.